முதியோர் உதவித்தொகை ஒரு வட்டத்தில் யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருக்குச் சேரவில்லை: கள ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், நலத்திட்டங்களைப் பற்றி எழுத நினைக்கும் பத்திரிகை நண்பர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை. ஒரு வட்டம், மூன்று கிராமங்கள், ஏறத்தாழ மூன்று மாதங்கள் என்ற அளவில் ஒருவரோ இருவரோ செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது. விதவை உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஆகியவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும்.

என்னோடு களத்துக்கு வந்த புதியவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றுதான். பயனாளிப் பட்டியலை வாங்கிக்கொண்டு அதில் இருப்பவர்களிடம் போய் "திருப்தியா?" என்று கேட்டார்கள். பட்டியலில் இருப்பவர் உள்ளே வந்துவிட்டவர். திட்டம் யாரைத் தவறவிட்டது என்று அவரிடம் கேட்டு அறிய முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் பட்டியலுக்கு வெளியே நிற்பவரைக் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"நலத்திட்டச் சீர்திருத்தங்களின் தாக்கம்" என்று தலைப்பு வைத்தால் எதை அளப்பது என்று கடைசிவரை தெரியாது. ஒரு உதவித்தொகைத் திட்டத்தில் மூன்று விஷயங்கள்தான் மாறும்: தொகை, தகுதி, பணம் வந்து சேரும் வழி. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஆய்வு முறை வேறு. தொகை கூடியதால் என்ன ஆனது என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து, மருந்துச் செலவையும் மளிகைக் கடன் நோட்டையும் வைத்துத்தான் கேட்க முடியும். தகுதி விதி மாறியதன் விளைவு தாலுகா அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. மணியார்டர் போய் வங்கிக் கணக்கும் கைரேகைக் கருவியும் வந்ததன் விளைவைப் பணம் தரும் நாளன்று நேரில் நின்றால்தான் பார்க்கலாம். மூன்றையும் ஒரே படிவத்தில் அடைத்தவர்கள் எழுபது கேள்விகளோடு போய், பத்தாவது கேள்வியிலேயே பாட்டியின் பொறுமையை இழந்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி: "தகுதி இருந்தும் உதவித்தொகை பெறாதவர் எந்தக் கட்டத்தில் விடுபட்டார்?"

2. கிளம்பும் முன்

கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, நெறிமுறைக் குழு இருந்தால் அதன் ஒப்புதல், தமிழில் எழுதிய ஒரு பக்க ஒப்புதல் படிவம் ஆகியவை கையில் இருக்கட்டும். படிவத்தை வாசித்துக் காட்டி வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினால் போதும் என்று முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள். முதியவர்களிடம் கைநாட்டு கேட்பது பெரிய விஷயம். சொத்தை எழுதி வாங்குவதற்கும் கடன் கட்டுவதற்கும் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் அவர்கள். படிவத்தை நீட்டியதுமே பேச்சு நின்றுபோகும்.

அடுத்து நாள்காட்டி. முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறை வழியாக நடப்பது. தேர்தல், வெள்ளம், ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை) என எது வந்தாலும் அந்த ஊழியர்கள்தான் போக வேண்டும். ஜமாபந்தி நடக்கும் வாரங்களில் போனால் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். ஆனால் ஜமாபந்தியில் மனு கொடுக்க வருபவர்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதனால் அதிகாரிகளிடம் பேசுவதற்கு ஒரு காலம், மக்களைப் பார்ப்பதற்கு ஒரு காலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

3. அரசாணைகளைப் பின்னிருந்து முன்னாகப் படியுங்கள்

இப்போது நடப்பில் உள்ள அரசாணையை முதலில் எடுங்கள். தொடக்கத்திலேயே "படிக்கப்பட்டவை" என்று முந்தைய ஆணைகளின் வரிசை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போனால், எந்த விதி எந்த ஆண்டில் நுழைந்தது என்பது தெரியும். கூடவே, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் வருவாய்த் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

இதைக் களத்துக்கு முன்பே செய்யக் காரணம் உண்டு. ஊரில் எல்லோரும் "ஓஏபி பணம்" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல திட்டங்கள். மாநில அரசு 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய முதியோர் உதவித்தொகை ஒன்று. ஒன்றிய அரசு 1995-ல் தொடங்கி 2007-ல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டிய தேசிய முதியோர் உதவித்தொகை இன்னொன்று. இவை தவிர ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனித்தனித் திட்டங்கள். எழுபது வயது விதவை ஒருவர் எந்தத் தலைப்பில் பெறுகிறார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கும். கையில் வரும் தொகை ஒன்றுதான், ஆனால் தகுதி விதிகள் வேறு.

தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் மாதத் தொகை 2011-ல் 1000 ரூபாயானது, 2023-ல் 1200 ஆனது. தேசியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய்தான், 80-க்கு மேல் 500. மீதியை மாநிலம் போடுகிறது. தேசியத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர்தான் என்று அதில் உச்சவரம்பும் உண்டு. ஆக, "தகுதி இருந்தும் கிடைக்கவில்லை" என்று யாராவது சொன்னால் "எந்தத் திட்டத்தின் தகுதி?" என்று நீங்கள் கேட்டாக வேண்டும்.

ஆணைகளைப் படிக்கும்போது "ஆதரவற்ற" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். வயதையும் சொத்து மதிப்பையும் ஆவணத்தில் பார்க்கலாம். ஒருவர் ஆதரவற்றவரா என்பதை ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து முடிவு செய்கிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஆண்டுக்கு ஒருமுறை வருகிறான். அந்தத் தாய் ஆதரவற்றவரா? ஒரு கிராம நிர்வாக அலுவலர் ஆம் என்பார், அடுத்த கிராமத்தில் இருப்பவர் இல்லை என்பார். உங்கள் ஆய்வின் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

4. தகவல் உரிமை மனுவை முதல் வாரமே அனுப்புங்கள்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 பதில் தர 30 நாள் கொடுக்கிறது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. மூன்று மாத ஆய்வில் இதை இரண்டாவது மாதம் தொடங்கினால் பதில் வரும்போது நீங்கள் அறிக்கை எழுதி முடித்திருப்பீர்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.

புதியவர்களின் மனு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மனுக்கள் ஏன் தாமதமாகின்றன?" இதற்குப் பதில் வராது. இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான். விளக்கம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. இப்படிக் கேளுங்கள்: "2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை பெறப்பட்ட முதியோர் உதவித்தொகை மனுக்கள், ஏற்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை ஆகியவற்றின் எண்ணிக்கை கிராம வாரியாக, நிராகரிக்கப்பட்ட மனுக்களுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள காரணங்களின் நகல்."

தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். அதற்கு இடம் வைக்காமல், சட்டத்தின் 10-வது பிரிவின்படி பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். 2(ஒ) என்றெல்லாம் உட்பிரிவு எண்களை அடுக்கத் தேவையில்லை. "பதிவேட்டை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்ற ஒரு வரி போதும். நகலுக்காகக் காத்திருப்பதைவிடப் பதிவேட்டின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம் கிடைக்கும்.

5. மூன்று நாள் வெளியே உட்காருங்கள்

முதல் நாளே ஆட்சியர் அலுவலகக் கடிதத்தோடு தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்தால் உங்களை ஆய்வுக்கு வந்த அதிகாரியாகப் பார்ப்பார்கள். மேசை ஒழுங்காகும், நல்ல கோப்பு ஒன்று எடுத்துக் காட்டப்படும். அனுமதி கட்டாயம் வேண்டும், வாங்குங்கள். ஆனால் அதை நீட்டுவதற்கு முன் மக்கள் உட்காரும் மரத்தடியில் மூன்று நாள் உட்காருங்கள். யாராவது கேட்டால் நீங்கள் யார் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அங்கே கேட்பதில் எதையும் பெயரோடு எழுதாதீர்கள்.

நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும். எத்தனை பேர் துணையோடு வருகிறார்கள், எத்தனை பேர் தனியாக வருகிறார்கள்? மனுவை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்புபவர் எத்தனை பேர்? எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்தில் வந்தார்கள்? ஒரு தாலுகாவில் காலை பதினொன்றரைக்குப் பிறகு வந்த முதியவர்கள் யாருக்கும் அன்று வேலை முடியவில்லை என்பதை என் உடன் வந்த மாணவி இரண்டாம் நாளே கண்டுபிடித்தாள். மலையடிவாரக் கிராமத்திலிருந்து வரும் முதல் பேருந்தே பதினொன்றே காலுக்குத்தான் வரும். எந்தக் கோப்பிலும் அது இல்லை.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். தாலுகாவில் முடியாமல் போனவை அங்கே வரும்.

6. ஒரு மனுவின் வழியை வரைந்துகொள்ளுங்கள்

இனி அனுமதிக் கடிதத்தோடு உள்ளே போகலாம். தனி வட்டாட்சியரைப் பார்த்து மரியாதை சொல்லிவிட்டு, பிரிவு எழுத்தரிடம் உட்காருங்கள். கோப்பு எப்படி நகர்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

இ-சேவை மையத்தில் பதிவாகும் மனு கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போகிறது, பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு தனி வட்டாட்சியர். ஒரு தாளில் இந்தக் கட்டங்களைப் பெட்டிகளாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே என்ன பார்க்கிறீர்கள்? இங்கிருந்து ஒரு மனு திரும்பினால் மனுதாரருக்கு யார் சொல்வார்கள்? இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் தயக்கம் வரும். குறுஞ்செய்தி போகும் என்பார்கள். அந்தக் கைபேசி எண் யாருடையது என்று மனுக்களில் பாருங்கள். மகனுடையதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம், சில சமயம் மையத்தில் இருப்பவருடையதாகவே இருக்கும்.

அதிகாரியிடம் "லஞ்சம் வாங்குகிறார்களா?" என்று தொடங்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது. "ஒரு மாதத்தில் எத்தனை மனு வரும், எத்தனை கிராமத்துக்குப் போக வேண்டும், வாகனம் உண்டா?" என்று கேளுங்கள். அவருடைய வேலைச் சுமையும் உங்கள் ஆய்வின் ஒரு பகுதி. இரண்டு கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு விஏஓ, விசாரணை அறிக்கையைத் தலையாரியிடம் விசாரித்தே எழுதுகிறார் என்றால், பழியை அவர்மேல் போடுவதற்கு முன் காலிப் பணியிடக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

7. வீடு வீடாகப் போங்கள், பட்டியலைப் பையில் வையுங்கள்

மூன்று கிராமங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஒன்று கடைசிப் பேருந்து நிறுத்தத்தில், ஒன்று காலனி ஊரிலிருந்து தள்ளி இருக்கும் கிராமம். ஒவ்வொன்றிலும் தெருத் தெருவாகப் போய் 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் குறியுங்கள். காலனியில் தொடங்கி ஊருக்குள் வாருங்கள். ஊரில் தொடங்கினால் யாராவது வழிகாட்ட உடன் வருவார், அவர் இருக்கும்போது காலனியில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

ஒவ்வொருவரையும் இந்த ஐந்தில் ஒன்றில் வையுங்கள்: பெறுபவர், மனு கொடுத்துக் காத்திருப்பவர், நிராகரிக்கப்பட்டவர், பெற்று நின்றுபோனவர், மனுவே கொடுக்காதவர். கடைசி இரண்டும் அலுவலகப் பதிவேட்டில் அநேகமாகத் தெரியாது. மனுவே கொடுக்காதவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, நீங்கள் தெருவில் நடந்தால்தான் அவர் இருப்பதே தெரியும்.

பட்டியலோடு ஒப்பிடுவது இதற்குப் பிறகு. முன்பே பார்த்துவிட்டால் கண் பட்டியலில் உள்ள வீடுகளையே தேடும்.

நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் காலையில் போகாதீர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலர் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கும் படுக்கையாளிகளை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாயும்.

8. கேட்கும் விதம்

வயதில் தொடங்குங்கள், ஆனால் "வயசு என்ன?" என்று கேட்காதீர்கள். ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று இருக்கும். பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டிருக்கும். நினைவில் நிற்கும் நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடி புயல் அடித்தபோது (1964 டிசம்பர்) நடக்கத் தெரியுமா, அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி) பள்ளிக்கூடம் போனீர்களா, எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனபோது (1977) கல்யாணம் ஆகிவிட்டதா? அண்ணா இறந்தபோது பத்து வயது என்றால் 2019 வாக்கிலேயே அறுபது முடிந்துவிட்டது. அட்டையில் அவருக்கு ஐம்பத்தாறு என்றிருந்தால், அவர் விடுபட்ட கட்டம் மனுவுக்கும் முந்தியது. அதைத் தனியாகக் குறியுங்கள்.

அடுத்த குழப்பம் "ஆயிரம் ரூபாய்". 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 என்று வந்தது. முதியோர் உதவித்தொகையும் பல ஆண்டு 1000-ஆக இருந்தது. "ஆயிரம் ரூபா வருதும்மா" என்றால் எதைச் சொல்கிறார் என்று தெரியாது. எப்போது முதல் வருகிறது, கணக்கில் விழுகிறதா, யாராவது கொண்டுவந்து தருகிறார்களா என்று கேட்டுப் பிரித்தறியுங்கள். ஒரு கிராமத்தின் கணக்கை இதனால் முழுதாகத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

தொகையைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். "எவ்வளவு தருகிறார்கள்?" என்றால் அரசு அறிவித்த தொகையைச் சொல்வார்கள். "போன மாசம் உங்க கையில எவ்வளவு வந்துச்சு? யார் குடுத்தா? எங்க வெச்சுக் குடுத்தாங்க?" என்று கேளுங்கள். கடைசியாக நடந்த ஒன்றைக் கேட்டால் நினைவிலிருந்து பதில் வரும். பொதுவாகக் கேட்டால் பயத்திலிருந்து வரும்.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் "பிள்ளைங்க பாத்துக்கறாங்களா?" என்பதைக் கேட்கவே கேட்காதீர்கள். அவரால் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் இரவில் அவருக்குத்தான் சிரமம். தண்ணீர் எடுக்கவோ கோயிலுக்கோ போகும் வழியில் கூட நடந்து கேட்கலாம்.

எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி உங்களிடம் வரும்: "எனக்குப் பணம் வாங்கித் தருவீங்களா, தம்பி?" முடியாது என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பேட்டியை முடித்துக் குறிப்பு எழுதிய பிறகு, எந்த மையத்துக்கு எந்த ஆவணத்தோடு போக வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அப்படி உதவியதையும் குறிப்பில் எழுதுங்கள், ஏனென்றால் அவருடைய மனு இனி உங்கள் ஆய்வால் நகர்ந்த மனு. ஆதாரைப் படம் எடுக்காதீர்கள். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டு, பெயரும் எண்ணும் உள்ள தாளைத் தனியே பூட்டி வையுங்கள்.

9. பணம் தரும் நாளில் நில்லுங்கள்

வங்கித் தொடர்பாளர் (வங்கியின் சார்பில் ஊருக்கே வந்து பணம் தருபவர்) கைரேகைக் கருவியோடு வரும் நாளைத் தெரிந்துகொண்டு காலையிலேயே போய்விடுங்கள். எத்தனை பேருக்கு ரேகை முதல் தடவையில் விழுகிறது, எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். காலமெல்லாம் களை பறித்து, சாணி தட்டி, செங்கல் தூக்கிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். அதிகம் உழைத்தவரே கருவியின் முன் அதிகம் நிற்கிறார். அவர் பதிவேட்டில் "பெறுபவர்" என்றுதான் இருப்பார்.

10. கணக்கிடும்போது

கோப்புகளில் உள்ள தேதி முத்திரைகளை வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நாள் என்று எழுதுங்கள். சராசரி போடாதீர்கள். உதாரணத்துக்கு ஐந்து மனுக்கள் 40, 45, 52, 60, 410 நாள் எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 121 நாள். ஆனால் அந்த ஐவரில் யாருமே 121 நாள் காத்திருக்கவில்லை. நடுவில் நிற்கும் எண் 52. அதை எழுதிவிட்டு, 410 நாள் காத்தவரின் கோப்பைத் தனியாக எடுத்து எங்கே கிடந்தது என்று பாருங்கள்.

"நிலுவை" என்ற சொல்லையும் அப்படியே ஏற்காதீர்கள். விசாரணை முடியாத மனுவும் நிலுவைதான், தகுதி உண்டு என்று முடிவாகி இடம் காலியாவதற்காகக் காத்திருக்கும் மனுவும் நிலுவைதான். முதலாவது விஏஓ அளவில் தீரும், இரண்டாவது சென்னையிலோ டெல்லியிலோ தீர வேண்டியது.

11. எழுதும் முன் இரண்டு இடங்களுக்குத் திரும்புங்கள்

முதலில் தாலுகா அலுவலகம். நிராகரிப்புக் காரணம் என்று கோப்பில் இருப்பதையும் வீட்டில் கேட்டதையும் பெயரில்லாமல் அருகருகே வைத்து எழுத்தரிடம் காட்டுங்கள். "மனுதாரர் ஊரில் இல்லை" என்று எழுதப்பட்டிருக்கும் நாளில் அவர் மாவட்ட மருத்துவமனையில் இருந்திருக்கலாம். இதைக் காட்டியபோது ஒரு எழுத்தர் அந்த மனுவை அங்கேயே மறுவிசாரணைக்கு எடுத்து வைத்தார். இன்னோர் அலுவலகத்தில் அதே தாளைக் காட்டியதற்கு எங்களை வெளியே அனுப்பினார்கள். இரண்டையும் எழுத வேண்டும்.

அடுத்து கிராமம். கண்டவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, ரேஷன் கடை வாசலில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். மனுவே கொடுக்காதவர் எத்தனை பேர் என்ற எண்ணைப் படிக்கும்போது, நீங்கள் போகாமல் விட்ட வீடு ஒன்றை யாராவது கை காட்டுவார்கள். அன்றே அந்த வீட்டுக்குப் போய், எண்ணைத் திருத்திக்கொண்டு ஊர் திரும்புங்கள்.